கோஸ்டாரிகா பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடக்கே நிகராகுவா, தெற்கே பனாமா, இரண்டுக்கும் நடுவில் 51,100 சதுர கி.மீ. பரப்பில் கோஸ்டாரிகா. எரிமலை, மேகக்காடு, இரண்டு கடல் எல்லாம் அதற்குள்ளேயே இருப்பதால் போகிறவர்கள் பெரும்பாலும் காட்டையும் கடலையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். லிமோன் கறுப்பின மக்களின் சமையல், சார்ச்சி தச்சர்களின் மாட்டு வண்டி, பொருக்கா பழங்குடிகளின் முகமூடி எல்லாம் அதே சாலைகளின் ஓரத்தில்தான் இருக்கின்றன. அவற்றுக்கும் ஓரிரு நாள் ஒதுக்குங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

எந்த மாதம் போவது நல்லது?

எந்தக் கரைக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பசிபிக் பக்கமும், தலைநகர் சான் ஹோசே இருக்கும் நடுப் பள்ளத்தாக்கும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்டிருக்கும். மே முதல் நவம்பர் வரை மழை. கரீபியன் கரைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஆண்டு முழுக்க மழை உண்டு. ஆனால் பசிபிக் பக்கம் கொட்டித் தீர்க்கும் செப்டம்பர், அக்டோபரில் கரீபியன் கரையில் நல்ல வெயில் அடிக்கும், கடலும் அமைதியாக இருக்கும். அந்த இரண்டு மாதங்களில் விடுமுறை கிடைத்தால் யோசிக்காமல் லிமோன் மாகாணத்துக்குப் போங்கள்.

மழைக்காலம் என்றாலே பயப்பட வேண்டாம். பெரும்பாலான நாட்களில் காலை தெளிந்திருக்கும், மதியத்துக்கு மேல்தான் பிடித்துக்கொள்ளும். காலை ஐந்தரைக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடுகிறது. ஆறு மணிக்குக் கிளம்பிப் பதினொன்றுக்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டால் மழை தொந்தரவாக இருக்காது. தவிர்க்க வேண்டியது புனித வாரம். ஈஸ்டருக்கு முந்தைய வியாழன், வெள்ளியில் பல பேருந்துகள் ஓடாது, கடைகள் மூடியிருக்கும், உள்ளூர்க்காரர்கள் மொத்தமும் கடற்கரையில் இருப்பார்கள்.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டுமா?

வேண்டும். ஆனால் பல முறை நுழையக்கூடிய, காலாவதியாகாத அமெரிக்க விசா பாஸ்போர்ட்டில் இருந்தால் தனி விசா இல்லாமலே சுற்றுலாவுக்கு நுழையலாம். அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் சிக்குவது இங்கேதான். வேலை அனுமதி நீட்டிப்புக் கடிதம் கையில் இருக்கும், பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா காலாவதியாகியிருக்கும். அந்தக் கடிதத்தை நம்பிக் கிளம்பினால் விமான நிலையத்திலேயே ஏற்ற மறுக்கக்கூடும். விதிகள் அவ்வப்போது மாறுவதால், டிக்கெட் போடுமுன் கோஸ்டாரிகா குடிவரவுத் துறையின் தளத்தில் சரிபாருங்கள். நாட்டை விட்டு வெளியேறும் டிக்கெட்டையும் கேட்பார்கள்.

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. அமெரிக்க விசா இல்லாதவர்கள் மாட்ரிட் போன்ற ஐரோப்பிய நகரங்கள் வழியே வரலாம். கோஸ்டாரிகா நேரம் இந்திய நேரத்தைவிட 11½ மணி நேரம் பின்தங்கியிருக்கும்.

ஏழு நாளில் எத்தனை இடம் பார்க்கலாம்?

மூன்று. நான்காவதைச் சேர்த்தால் பாதி நாள் காரிலேயே போய்விடும்.

வரைபடத்தில் தூரத்தைப் பார்த்துத் திட்டம் போடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. அரேனல் எரிமலை அடிவாரத்து லா ஃபோர்த்தூனாவும் மொண்டேவெர்டே மேகக்காடும் வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். நடுவில் அரேனல் ஏரி இருப்பதால் சாலை அதைச் சுற்றி மலையேறிப் போகிறது. மூன்றரை, நான்கு மணி நேரம் ஆகும். வாடகைக் கார் இல்லாதவர்கள் வேன், படகு, மறுபடி வேன் என்று மாறிப் போகும் சேவையை எடுத்தால் ஏரியைக் குறுக்கே கடந்து மூன்று மணி நேரத்தில் சேரலாம். விமான நிலையத்திலிருந்து லா ஃபோர்த்தூனாவுக்குச் சுமார் மூன்று மணி நேரம், மொண்டேவெர்டேயிலிருந்து மானுவல் அந்தோனியோ கடற்கரைக்கு நான்கரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை வருபவர்களுக்கு நாங்கள் சொல்வது: லா ஃபோர்த்தூனாவில் இரண்டு இரவு, மொண்டேவெர்டேயில் இரண்டு, ஏதாவது ஒரு கரையில் இரண்டு, கடைசி இரவு விமான நிலையத்துக்கு அருகில் அலஹுவேலாவில்.

கார் எடுத்து நாமே ஓட்டலாமா?

ஓட்டலாம். இந்திய ஓட்டுநர் உரிமம் செல்லும். வலப்பக்கம் ஓட்ட வேண்டும். இணையத்தில் ஒரு நாளைக்குப் பத்து டாலர் என்று காட்டும் வாடகையை மட்டும் நம்பாதீர்கள். மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம், கிரெடிட் கார்டு தரும் காப்பீடு அதற்கு ஈடாகாது. கவுண்டரில் அதைச் சேர்க்கும்போது தொகை இரண்டு, மூன்று மடங்காகிவிடும். காப்பீட்டோடு சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சாலையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கிராமப்புறப் பாலங்கள் பல ஒரு வண்டி மட்டும் போகும் அகலம். வழிவிடச் சொல்லும் பலகை உங்கள் பக்கம் இருந்தால் எதிரே வரும் எல்லா வண்டிக்கும் நின்று கொடுங்கள். ஆற்றில் இறங்கிக் கடக்கும் இடங்களில் என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் பெரும்பாலான காப்பீடுகள் பணம் தராது. உள்ளூர் வண்டி கடப்பதைப் பார்க்காமல் இறங்காதீர்கள். ஆண்டு முழுக்க ஆறு மணியளவில் இருட்டிவிடுகிறது, மலைச் சாலைகளில் விளக்கு இல்லை, மூடுபனி வேறு. ஐந்தரைக்குள் ஊர் சேருங்கள்.

சான் ஹோசே நகருக்குள் இன்னொரு கட்டுப்பாடு உண்டு. வார நாட்களில் காலை 6 முதல் மாலை 7 வரை, நம்பர் பிளேட்டின் கடைசி எண்ணைப் பொறுத்து வண்டிக்குத் தடை: திங்கள் 1, 2, செவ்வாய் 3, 4, இப்படியே வெள்ளி 9, 0. வாடகைக் காருக்கும் இது பொருந்தும்.

காருக்குள் பை எதையும் விட்டுப் போகாதீர்கள், டிக்கியிலும்கூட. டயர் காற்று இறங்கிவிட்டது என்று யாராவது கைகாட்டி உதவ வந்தால் நிற்காமல் அடுத்த பெட்ரோல் பங்க் வரை மெதுவாக ஓட்டிப் போங்கள்.

முகவரியில் தெருப் பெயரே இல்லையே, எப்படிக் கண்டுபிடிப்பது?

அங்கே மக்கள் வழி சொல்வது அடையாளம் வைத்துத்தான். 'தேவாலயத்திலிருந்து 200 மீட்டர் வடக்கு, 50 மீட்டர் கிழக்கு' என்றால், 100 மீட்டர் என்பது ஒரு குறுக்குத் தெரு. அதை அளந்து பார்க்காதீர்கள், தெருக்களை எண்ணுங்கள். இல்லாமல் போன அடையாளங்களும் வழக்கில் நிற்கின்றன. சான் பெத்ரோவில் பட்டுப்போன ஓர் அத்தி மரத்தை வைத்து இன்றும் வழி சொல்கிறார்கள். எல்லோரும் வேஸ் செயலியைப் பயன்படுத்துகிறார்கள். விடுதிக்காரரிடம் அதன் இணைப்பையே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அரேனலில் எரிமலைக் குழம்பு பார்க்க முடியுமா?

முடியாது. 1968 ஜூலை 29 அன்று வெடித்து ஊர்களை அழித்த மலை அது. அதன்பின் 2010 வரை கனன்றுகொண்டே இருந்தது, அத்துடன் அடங்கியது. இன்று பார்க்கக் கிடைப்பது கூம்பு வடிவ மலையும், உறைந்த குழம்பின் மேல் நடைபாதையும், வெந்நீர் ஊற்றுகளும்.

எரிமலை வாயை எட்டிப் பார்க்க வேண்டுமென்றால் போஆஸ் அல்லது 3,432 மீட்டர் உயர இராசு. இரண்டுக்கும் தேசியப் பூங்காத் துறையின் தளத்தில் நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். போஆஸ் சீறும் காலங்களில் பூங்காவை மூடிவிடுவார்கள், கிளம்புமுன் பாருங்கள். காலை முதல் நேரத்தையே எடுங்கள். ஒன்பது, பத்து மணிக்கு மேகம் மூடினால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். இராசுவில் குளிர் நடுக்கும், ஸ்வெட்டர் அவசியம்.

ரியோ செலெஸ்டே ஆற்றின் நீலம் நிஜமா?

நிஜம்தான். நிறமில்லாத இரண்டு ஓடைகள் தெனோரியோ எரிமலைப் பூங்காவுக்குள் ஓரிடத்தில் கலக்கின்றன. அமிலத் தன்மை மாறுவதால் தண்ணீரில் உள்ள அலுமினிய சிலிக்கேட் துகள்கள் பெரிதாகி நீல ஒளியைச் சிதறடிக்கின்றன. கோடு போட்டது போல ஓரிடத்தில் நீலம் தொடங்குவதைப் பார்க்கலாம். முந்தைய இரவு பெருமழை என்றால் ஆறு செம்மண் நிறத்தில் ஓடும். விடுதியில் விசாரித்துவிட்டுப் போங்கள். பூங்காவுக்குள் குளிக்க அனுமதியில்லை.

டோர்டுகேரோவில் ஆமை முட்டையிடுவதைப் பார்ப்பது எப்படி?

பச்சைக் கடலாமைகள் வருவது ஜூலை முதல் அக்டோபர் வரை. டோர்டுகேரோ கரீபியன் கரையில் இருக்கிறது, ஊருக்குச் சாலை கிடையாது. சான் ஹோசேயிலிருந்து பேருந்தில் கரியாரி, அங்கிருந்து லா பவோனா படித்துறை, பிறகு ஆற்றில் சுமார் ஒரு மணி நேரம் படகு. காரில் போகிறவர்கள் லா பவோனாவில் கட்டண நிறுத்தத்தில் விட்டுச் செல்லலாம்.

இரவில் கரைக்கு உரிமம் பெற்ற வழிகாட்டியோடு மட்டுமே போகலாம். கறுப்பு அல்லது அடர்நிற உடை போடுங்கள். கேமரா, செல்பேசி, டார்ச் எதற்கும் அனுமதியில்லை. மணலில் ஆமை தேடி அலைய வேண்டியதும் இல்லை. கரையில் நிற்கும் கண்காணிப்பாளர்கள் ஆமை ஏறியதும் தகவல் கொடுப்பார்கள். அதுவரை செடிகளின் மறைவில் காத்திருக்க வேண்டும். ஆமை கடலிலிருந்து ஏறும்போதும் குழி பறிக்கும்போதும் சிறு வெளிச்சம், அசைவு பட்டாலே திரும்பிப் போய்விடும். பின் துடுப்புகளால் மணலை வாரி வாரி எறிந்து குழி தோண்டி முடித்து, முட்டை விழத் தொடங்கிய பிறகு அவ்வளவு எளிதில் கலையாது. அப்போதுதான் வழிகாட்டி பின்பக்கமாக அழைத்துப் போய் சிவப்பு விளக்கில் காட்டுவார். பந்து பந்தாகச் சுமார் நூறு முட்டைகள் விழும். பிறகு மணலை மூடி, மேலே அடித்துத் தட்டி, இடம் தெரியாதபடி கலைத்துவிட்டுக் கடலுக்குத் திரும்பும்.

ஒரு இரவில் ஆமையே வராமலும் போகலாம். இரண்டு இரவு தங்கினால் வாய்ப்பு கூடும். பச்சை ஆமை கிடைக்காத மாதங்களிலும் இங்குள்ள கால்வாய்களில் விடியற்காலைத் துடுப்புப் படகு சவாரி விடக்கூடாத ஒன்று. என்ஜின் இல்லாத படகாகக் கேட்டு எடுங்கள்.

குவெட்சால் பறவை எங்கே தெரியும்?

மொண்டேவெர்டேயிலும், அதைவிட எளிதாக, சான் ஹோசேக்குத் தெற்கே மலையில் உள்ள சான் ஹெரார்தோ தே தோத்தாவிலும். பிப்ரவரி முதல் ஜூன் வரை கூடு கட்டும் காலம். காட்டு அவகாடோ பழுக்கும் மரத்தடியில் காலை ஆறு மணிக்கு நின்றால் அதுவாக வரும். மொண்டேவெர்டேக் காடு நிற்பதற்கு, 1951-ல் அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து வந்து குடியேறிய, போரை எதிர்க்கும் கிறிஸ்தவப் பிரிவான குவேக்கர் குடும்பங்களுக்கும் பங்குண்டு. ராணுவச் சேவையை ஏற்க மறுத்த அவர்கள், 1948-ல் ராணுவத்தையே ஒழித்த நாட்டைத் தேடி வந்தார்கள். பால் பண்ணை வைத்தார்கள். நீரோடைகள் வற்றாதிருக்க மலையுச்சிக் காட்டை வெட்டாமல் விட்டார்கள்.

ஸ்லாத்தைத் தூக்கிப் படம் எடுக்கலாமா?

கூடாது. மரக்கிளையில் தொங்கியபடி மெல்ல நகரும் விலங்கான ஸ்லாத்தைக் கையில் கொடுத்துப் படம் எடுக்க விடும் இடம் எதுவானாலும் அது நல்ல காப்பகம் இல்லை. மனிதர் தொட்டால் அது மிரளும், முகத்தில் ஒன்றும் தெரியாது. வழிகாட்டியின் தொலைநோக்கியில் செல்பேசியை வைத்து எடுக்கும் படமே தெளிவாக இருக்கும். மானுவல் அந்தோனியோ பூங்கா இதற்கு ஏற்ற இடம். செவ்வாய்க்கிழமை விடுமுறை, டிக்கெட் இணையத்தில் மட்டும். வழியில் சீருடை போல உடுத்தியவர்கள் காரை மறித்து 'இங்கேதான் நிறுத்த வேண்டும்' என்பார்கள். அவர்கள் தனியார் நிறுத்தத்துக்காரர்கள், நேரே நுழைவாயில் வரை போங்கள். குரங்குகள் பையைத் திறந்து பறித்துப் போகும் என்பதால் வாசலிலேயே சோதித்துத் தின்பண்டங்களை உள்ளே விடமாட்டார்கள்.

லிமோன் மற்ற பகுதிகளிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

1871-ல் தொடங்கிய ரயில் பாதை வேலைக்கு ஜமைக்காவிலிருந்து கறுப்பினத் தொழிலாளர்கள் வந்தார்கள். சான் ஹோசேயைத் துறைமுகத்தோடு இணைத்த பாதை 1890-ல் முடிந்தது. அதன் இருபுறமும் வாழைத் தோட்டங்கள் முளைத்தன, வந்தவர்கள் அங்கேயே தங்கினார்கள். முழுக் குடியுரிமைக்கு அவர்களின் பிள்ளைகள் 1940-களின் இறுதி வரை காத்திருக்க நேர்ந்தது. இந்தக் கரையில் இன்றும் முதியவர்கள் ஸ்பானிஷோடு ஆங்கிலக் கிரியோலும் பேசுகிறார்கள்.

சாப்பாட்டில் தேங்காய்ப் பால் வந்துவிடுகிறது. அரிசியையும் சிவப்பு அல்லது கறுப்பு பீன்ஸையும் தேங்காய்ப் பாலில், தைம் இலை போட்டு ஒன்றாக வேகவைப்பார்கள். மேலே ஒரு முழு பனாமா மிளகாயை உடையாமல் மிதக்க விடுவார்கள். மணம் மட்டும் இறங்க வேண்டும். கிளறும்போது அது உடைந்துவிட்டால் பானை முழுவதும் நெருப்பாகிவிடும். மீனும் மரவள்ளியும் கருணையும் வாழைக்காயும் தேங்காய்ப் பாலில் வெந்த ரோந்தோன் நேரம் எடுக்கும் சமையல். பல கடைகளில் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும்.

தங்க ஏற்ற ஊர் கவீட்டா. தன் ஊரைப் பற்றியே கலிப்சோ என்னும் கரீபிய வகைப் பாடல்கள் கட்டிய வால்டர் ஃபெர்குசன் வாழ்ந்த ஊர் இது. அவர் 2023-ல் 103 வயதில் காலமானார். கவீட்டா தேசியப் பூங்காவை அரசோடு சேர்ந்து ஊர்மக்களும் நிர்வகிக்கிறார்கள். ஊர்ப்பக்க வாசலில் விருப்பம் போல நன்கொடை தரலாம். தாராளமாகக் கொடுங்கள். ஆகஸ்ட் 31 கறுப்பினப் பண்பாட்டு நாள், அக்டோபரில் லிமோன் நகரத் திருவிழா.

கரையிலிருந்து உள்ளே தலமன்காவில் பிரிப்ரி மக்கள் வாழ்கிறார்கள். குலம் தாய்வழியில் வருகிறது. கொக்கோ அவர்களுக்குப் புனிதமானது. கொட்டையை வறுத்துக் கல்லில் அரைத்துக் காட்டும் வீடுகளுக்கு, பிரிப்ரியினரே நடத்தும் சுற்றுலாவில் போங்கள். பணம் அவர்கள் கைக்கே போகும்.

சார்ச்சி மாட்டு வண்டியில் அப்படி என்ன விசேஷம்?

சக்கரத்தைப் பாருங்கள், ஆரக்கால் இருக்காது. ஆப்பு வடிவில் அறுத்த பதினாறு மரத்துண்டுகளை நடுக்குடத்தைச் சுற்றி இடைவெளியின்றி அடுக்கி, பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டையை மேலே ஏற்றித் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கித் துண்டுகளை இறுக்கிவிடும். மழைக்கால மலைப்பாதையில் ஆரக்கால் சக்கரத்தின் இடைவெளிகளில் சேறு அப்பிக்கொள்ளும். இந்தச் சக்கரம் சேற்றைக் கிழித்துக்கொண்டு போகும். நடுப் பள்ளத்தாக்கின் காப்பி மூட்டைகள் இப்படித்தான் பத்துப் பதினைந்து நாள் பயணமாக புந்தாரேனாஸ் துறைமுகம் சேர்ந்தன.

ஓவியம் தீட்டும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. சக்கரத்தின் கோலத்தை வைத்தே எந்த ஊர் வண்டி என்று சொல்லிவிடுவார்கள். ஓடும்போது குடத்தில் ஓர் உலோக வளையம் மோதி எழும் ஓசையும் வண்டிக்கு வண்டி வேறுபடும். 2005-ல் யுனெஸ்கோ இந்த மரபை அங்கீகரித்தது. சார்ச்சியில் எலோய் அல்ஃபாரோ பட்டறையில் நீர்ச்சக்கரத்தின் விசையிலேயே இயந்திரங்கள் ஓடுகின்றன. மார்ச் இரண்டாம் ஞாயிறு சான் அந்தோனியோ தே எஸ்கசூவில் வண்டிக்காரர் ஊர்வலம்.

பொருக்கா திருவிழா எப்போது?

டிசம்பர் 30 நள்ளிரவில் தொடங்கி ஜனவரி 2 வரை. இது ஒரு நாடகம். பால்சா, சிடார் மரங்களில் செதுக்கிய முகமூடி அணிந்த 'குட்டிப் பேய்கள்' பொருக்கா மக்களைக் குறிப்பவர்கள்; சாக்குத் துணி போர்த்திய காளை, படையெடுத்து வந்த ஸ்பானியரைக் குறிப்பது. மூன்று நாள் காளை அவர்களை முட்டி வீழ்த்துகிறது, கடைசியில் எழுந்துவந்து காளையைக் கொல்கிறார்கள். ஊரில் தங்கும் வசதி குறைவு, முன்பே பேசிவிடுங்கள். முகமூடி வாங்கினால் செதுக்கியவரிடமே வாங்குங்கள். பெண்கள் நெய்யும் பருத்தித் துணியின் ஊதா நிறம் கடல் நத்தையிலிருந்து வருகிறது. பாறையிலிருந்து எடுத்து, சாறு சுரக்க வைத்து, உயிரோடு திரும்ப வைத்துவிடுவார்கள்.

பொருக்கா இருப்பது நாட்டின் தெற்கே. அதே பயணத்தில் பல்மார் சூரில் திக்கீஸ் பகுதியின் பழங்காலக் கல் உருண்டைகளையும் பாருங்கள். 2014 முதல் உலகப் பாரம்பரியக் களம். மிகப் பெரியவற்றின் விட்டம் இரண்டரை மீட்டர்.

சைவம் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது?

பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் கேட்கத் தெரிய வேண்டும். 'கார்னே வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் மாட்டிறைச்சி வராது. கோழியோ ஹாமோ வந்துவிடும். 'நோ கோமோ கார்னே, நி பொயோ, நி பெஸ்காடோ, நி ஹாமோன்' (இறைச்சி, கோழி, மீன், ஹாம் சாப்பிடமாட்டேன்) என்று நான்கையும் சொல்லுங்கள். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. 'சின் மந்தேகா' (கொழுப்பு இல்லாமல்) என்று கேளுங்கள். மக்காச்சோள மாவை வாழையிலையில் பொதிந்து வேகவைக்கும் கிறிஸ்துமஸ் தமாலைத் தவிர்த்துவிடுங்கள், மாவிலேயே கொழுப்பு இருக்கும்.

சோடா எனப்படும் சிறு உணவகங்களில் சைவ கசாடோ கேட்டால் சோறு, பீன்ஸ், பழுத்த நேந்திர வகை வாழை வறுவல், சாலட், முட்டை அல்லது பாலாடைக்கட்டி வரும். காலையில் கயோ பிந்தோ என்னும் சோறு-பீன்ஸ் பிரட்டல். வீட்டில் செய்ய: ஒரு வெங்காயமும் அரைக் குடைமிளகாயும் வதக்கி, வெந்த கறுப்பு பீன்ஸ் ஒரு கப், அது வெந்த தண்ணீர் அரைக் கப் ஊற்றிக் கொதிக்க விட்டு, முதல் நாள் சாதம் இரண்டு கப் சேர்த்துப் பிரட்டுங்கள். இறக்கும்போது கொத்தமல்லியும் ஒரு மேசைக்கரண்டி லிசானோ என்னும் கோஸ்டாரிகா சாஸும். சூடான புதுச் சாதம் போட்டால் குழைந்து களியாகிவிடும்; பீன்ஸ் தண்ணீர் ஊற்றாவிட்டால் நிறமும் சுவையும் ஏறாது.

குளிருக்கு அகுவா துல்சே கேளுங்கள். நம்மூர் வெல்லத்தை வெந்நீரில் கரைத்ததுதான் அது.

கடலில் குளிப்பது ஆபத்தா? பாம்பு?

பாம்பைவிடக் கடலுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். பல கரைகளில் உயிர்காப்பாளர் கிடையாது, உள்ளிழுக்கும் நீரோட்டம் பலமானது. இழுத்தால் கரையை நோக்கி நீந்திக் களைத்துப் போகாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறுங்கள். ஆற்று முகத்துவாரங்களில் முதலை உண்டு.

காட்டில் பாதையை விட்டு இறங்காமல், மூடிய காலணியோடு நடந்தால் பாம்புக்கடி அபாயம் குறைவு. கடித்தால் கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம். அசையாமல் வைத்து 911-ஐ அழையுங்கள். நஞ்சு முறி மருந்தை கோஸ்டாரிகா பல்கலைக்கழகத்தின் குளோதோமீரோ பிகாதோ நிறுவனமே தயாரிக்கிறது.

பணம், டிப்ஸ்?

டாலர் பல இடங்களில் செல்லும், ஆனால் கிழிந்த நோட்டையும் நூறு டாலர் நோட்டையும் வாங்கத் தயங்குவார்கள். பேருந்துக்கும் சோடாக்களுக்கும் உள்ளூர்ப் பணமான கொலோன் வைத்திருங்கள். உணவக ரசீதில் 13% வரியும் 10% சேவைக் கட்டணமும் சேர்ந்தே வரும், அதற்கு மேல் கட்டாயமில்லை. வழிகாட்டிகளுக்குத் தனியே கொடுப்பது வழக்கம். தெருவில் உங்கள் காரைப் பார்த்துக்கொள்ளும், மேலங்கி மாட்டிய காவலருக்குத் திரும்பி வந்ததும் சில நூறு கொலோன் போதும்.